பதினோரு ஒட்டும் ஒரு படி கூழும்

எந்தப் பொருள் கெட்டாலும் நான் மாற்ற மாட்டேன், ஒட்டுவேன். மாற்றுகிறவன் சோம்பேறி, ஒட்டுகிறவன்தான் தொழிலாளி என்பது என் கட்சி. ஐம்பது வருஷத்துக்கு மேலாக நடத்தி வரும் இந்தக் கட்சியில் இன்றுவரை நான் ஒருவன்தான் உறுப்பினர். என் பிள்ளைகள்கூடச் சேரவில்லை. இந்தக் கட்சிக்காக நான் ஒரு நாள் கிட்டத்தட்ட ஜெயிலுக்குப் போயிருக்கிறேன். அதைவிட மோசம், கிட்டத்தட்டக் கல்யாணம் இல்லாமல் போயிருப்பேன்.

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது. எனக்கு இருபத்துமூன்று வயது. சொந்த ஊர் கிருஷ்ணகிரிப் பக்கம். பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை. தொழில் கற்று ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. ஆனால் உலகத்து இயந்திரங்களையெல்லாம் யாரோ தப்பும் தவறுமாகச் செய்து வைத்துவிட்டார்கள், அவற்றைச் சரிசெய்யத்தான் என்னை அனுப்பியிருக்கிறார்கள் என்று ஒரு நினைப்பு. (யார் அனுப்பியது என்று கேட்காதீர்கள். அந்த வயதில் அதெல்லாம் தோன்றாது.)

அந்த நினைப்புக்கு ஏற்ற மாதிரி ஒரு மோட்டார் சைக்கிளும் வந்து வாய்த்தது. ராணுவத்தில் கழித்துவிட்ட வண்டி. உதைத்தால் மூன்றாவது உதைக்குக் கிளம்பும், நான்காவது உதையை அது நமக்குக் கொடுக்கும். மற்றபடி தங்கம். பின்சக்கரம் மட்டும் அடிக்கடி பஞ்சர் ஆகும். நானே ஒட்டுவேன். ஒட்டி ஒட்டி அந்த ட்யூபில் பதினோரு ஒட்டு சேர்ந்துவிட்டது.

இந்தச் சமயத்தில்தான் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெண் சூளகிரி. பெயர் ருக்மணி. பார்க்கப் போன அன்று அவள் ஒரே ஒரு தரம் தலைநிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான். அடுத்த வாரம் முழுக்கத் தொழிற்சாலையில் நான் அறுத்த இரும்பெல்லாம் கோணிக்கொண்டு போயிற்று. கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

பெண்ணின் அப்பா மாந்தோப்புக்காரர். அதிகம் பேச மாட்டார். அவருடைய அண்ணன் குடித்தே பாதி நிலத்தை அழித்தவராம். அதனால் அவர் எங்களிடம் வேலை, சம்பளம் எதையும் கேட்கவில்லை. ஒரே கேள்விதான் கேட்டார்.

"பையன் குடிப்பானா?"

என் அப்பா கற்பூரத்தின் மேல் அடித்துச் சத்தியம் செய்தார்.

"சரிங்க. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். நாக்குல ஒரு சொட்டு பட்டுதுன்னு தெரிஞ்சாலும், பந்தல்ல உக்காந்திருந்தாக்கூட எழுப்பி அனுப்பிச்சிருவேன்" என்றார் அவர்.

நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். எனக்குக் கள்ளும் தெரியாது, சாராயமும் தெரியாது. இதில் நான் தோற்க வழியே இல்லை.

நிச்சயதார்த்தம் ஒரு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும் என்பதால் அதற்குள் தாம்பூலம் மாற்றிவிட வேண்டும் என்று பேச்சு. அப்பா, அம்மா, அக்கா எல்லாரும் முன்கூட்டியே சூளகிரி போய்விட்டார்கள். பெங்களூரில் மில்லில் குமாஸ்தாவாக இருந்த அக்கா புருஷன் மட்டும் என்னோடு மோட்டார் சைக்கிளில் வருவதாக ஏற்பாடு. மாமாவுக்கு நல்ல உடம்பு. அவர் ஏறி உட்கார்ந்தால் முன்சக்கரம் ஒரு தரம் வணக்கம் சொல்லி எழுந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை டயர் மறுபடி பஞ்சர். மாமா என்னை வலுக்கட்டாயமாக ஒரு மெக்கானிக்கிடம் இழுத்துக்கொண்டு போனார். அவர் கன்னடக்காரர். ட்யூபை வெளியே எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ட்யூப் அல்ல ஸ்வாமி, பரீ பேட்ச்சு!" என்றார். ட்யூபே இல்லை, வெறும் ஒட்டுதான் இருக்கிறதாம். டயரையும் பார்த்தார். கையெடுத்துக் கும்பிட்டார். "ரெண்டும் சேஞ்ச் மாடி ஸ்வாமி."

இரண்டையும் மாற்று என்று என்னிடமா சொல்கிறார்? எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. ட்யூபைப் பிடுங்கிக்கொண்டு நடந்தேன். மாமா பின்னாலேயே கொஞ்ச நேரம் கழித்து வந்தார். அவர் தோளில் ஒரு புத்தம் புது டயர், அதற்குள் மடித்து வைத்த புது ட்யூப்.

"சும்மா இருக்கட்டும் மாப்ள. ஒரு தைரியத்துக்கு" என்றார்.

"வச்சுக்குங்க மாமா. தலையணைக்கு ஆகும்" என்றேன் நான்.

எங்கள் ஃபோர்மேன் ஒரு நாள் டீ குடிக்கும்போது, வெளிநாட்டில் சைக்கிள் ட்யூபுக்குள் பால் ஊற்றுவார்கள், அது எங்கெங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கங்கே தேடிப் போய் அடைத்துக்கொள்ளும் என்று சொல்லியிருந்தார். (அவர் தாண்டிய ஒரே எல்லை ஓசூர் எல்லைதான். ஆனாலும் வெளிநாட்டைப் பற்றி நன்றாகப் பேசுவார்.) அதை யோசித்தேன். பால் அவன் நாட்டுக்குச் சரி. நம் பக்கத்தில் ஓட்டையை அடைக்கவென்றே விளைகிற பொருள் ஒன்று இருக்கிறதே, ராகி! களி கிண்டிய சட்டியை ஒரு நாள் கழுவாமல் விட்டுப் பாருங்கள், உளி வைத்துத்தான் பெயர்க்க வேண்டும். ராகிக் கூழுக்கு முன்னால் பால் எம்மாத்திரம்?

அன்று சாயங்காலமே ஒரு படி கூழைத் தண்ணியாகக் கரைத்து வடிகட்டி, மூக்கு நீண்ட எண்ணெய்க் கேனில் ஊற்றி, வால்வு வழியாக ட்யூபுக்குள் ஏற்றினேன். கையால் பம்ப் அடித்தேன். சக்கரத்தைச் சுற்றிவிட்டேன். உள்ளே கூழ் சளசளவென்று ஓடி ஓட்டையைத் தேடிற்று.

புதன்கிழமை காலையில் தொட்டுப் பார்த்தேன். காற்று இறங்கவே இல்லை. வியாழக்கிழமை காலையில் தொட்டுப் பார்த்தபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. காற்று ஏறியிருந்தது! டயர் கல் மாதிரி இருந்தது. நான் பம்பைத் தொடக்கூட இல்லை.

"மாமா, பாத்தீங்களா? தானே காத்து ஊதிக்குது!"

மாமா கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். அவருக்கு முகம் மாறிவிட்டது. "மாப்ள, தானா ஊதறது நல்லதில்லடா. வயிறானாலும் சரி, டயரானாலும் சரி. மாத்திடலாம்."

நான் கேட்பேனா? காப்புரிமை வாங்குவது எப்படி என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். மூன்று நாள் கூழ் புளித்துப் பொங்கும் என்பது எங்கள் ஊரில் ஆடு மேய்க்கிற குழந்தைக்குக்கூடத் தெரியும். ஃபிட்டருக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். நான் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. மாமா பின்னால் பட்டு அங்கவஸ்திரமும், அதற்கு மேல் பூணூல் மாதிரி குறுக்கே மாட்டிய புது டயருமாக உட்கார்ந்திருந்தார். வண்டி பறந்தது. அத்திப்பள்ளி தாண்டியபோது மணி ஏழரைகூட ஆகவில்லை.

"இப்ப என்ன சொல்றீங்க?" என்று திரும்பிக் கத்தினேன்.

"ரோட்டப் பாருடா" என்றார் மாமா.

ஜூஜூவாடியில் எல்லை. அந்தப் பக்கம் மைசூர் ராஜ்யம், குடிக்கலாம். இந்தப் பக்கம் எங்கள் மெட்ராஸ் ராஜ்யம், மதுவிலக்கு. ஒரு கூரைக் கொட்டகை, ஒரு மூங்கில் தடுப்பு, நான்கு போலீஸ்காரர்கள். வைக்கோல் வண்டி, கோணி மூட்டை எது வந்தாலும் கூர்மையான நீளக் கம்பியால் குத்திப் பார்த்துத்தான் விடுவார்கள். காரணம் இருந்தது. சாராயத்தை லாரி ட்யூபில் நிரப்பி, இடுப்பில் சுற்றிக்கொண்டு மேலே வேட்டி கட்டி வருகிற ஆட்கள் அந்தக் காலத்தில் சர்வ சாதாரணம்.

இதெல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்தும் என் வாய் என்ன செய்தது, பாருங்கள்.

ஏட்டு வந்தார். பெரிய மீசை. செங்கல்பட்டுப் பக்கத்துக்காரர் என்று பேச்சிலேயே தெரிந்தது. வண்டியைச் சுற்றி வந்தவர் பின் டயரைப் பூட்ஸால் ஒரு தட்டுத் தட்டினார்.

"இன்னாய்யா இது, கல்லு கணக்கா கீது? எவ்ளோ காத்து அடிச்சே?"

"ஆமாங்க" என்று சொல்லிவிட்டு நான் போயிருக்கலாம். ஆனால் மூன்று நாளாக அந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவன் நான்.

"காத்து நான் அடிக்கலீங்க. உள்ள ஒண்ணு ஊத்தியிருக்கறேன். அதுதான் ரகசியம்" என்றேன்.

மாமா பின்னாலிருந்து என் முதுகில் கிள்ளினார். பாராட்டுகிறார் என்று நினைத்தேன்.

ஏட்டின் மீசை மெதுவாக மேலே போயிற்று. "ஊத்திக்கீறியா? இன்னாத்த ஊத்திக்கீறே? தொற, பாக்கலாம்."

"தாராளமாப் பாருங்க" என்று உட்கார்ந்து, ஒரு மந்திரவாதியின் தோரணையில் வால்வைத் திருகினேன். அவரும் குனிந்தார். வால்வு கீழ்ப்பக்கமாக நின்றிருந்ததை நான் கவனிக்கவில்லை.

மூன்று நாள் அடைபட்டுக் கிடந்த கூழ் அது. பீய்ச்சிக்கொண்டு வெளியே வந்தது. முதலில் ஏட்டின் மீசை, அப்புறம் காக்கிச் சட்டை, அப்புறம் என் வெள்ளைச் சட்டை. நாற்றமா அது! எல்லையின் இரண்டு பக்கமும் நின்றிருந்த மாடுகள் தலையைத் திருப்பின.

"சுண்டக்கஞ்சி!" என்று அலறினார் ஏட்டு. "டேய், சுண்டக்கஞ்சி கடத்துறான்டா! புடி அவன!"

இரண்டு போலீஸ்காரர்கள் என் கையைப் பிடித்தார்கள். மூன்றாவது ஆள் மாமாவைப் பார்த்தார். பட்டு அங்கவஸ்திரம், குறுக்கே டயர், நெற்றி நிறைய விபூதி. "இன்னொண்ணும் கீது சார்!" என்று சொல்லிக்கொண்டே வைக்கோல் குத்துகிற கம்பியைப் புது டயருக்குள் ஒரே சொருகு சொருகினார். உள்ளே ட்யூப் மடித்து வைத்திருந்ததால் ஒரே குத்தில் நான்கு ஓட்டை.

மாமா வாய்விட்டு அழுதே விட்டார். "புதுசுடா! புதுசுடா பாவிங்களா!"

மணி எட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. கண்ணுக்கு முன்னால் ருக்மணி வந்து நின்றாள். பின்னால் அவள் அப்பா. எப்படியாவது இந்த இடத்திலேயே நிரூபித்துவிட வேண்டும் என்ற பதற்றத்தில் எனக்கு ஒரு யோசனை தோன்றிற்று. (எனக்கு யோசனை தோன்றினால் பக்கத்தில் இருப்பவர்கள் ஓடிவிட வேண்டும் என்று அக்கா சொல்வாள்.)

"ஐயா, இது வெறும் கூழுங்க! சாப்பிடற கூழு! இதோ பாருங்க!" என்று கத்திக்கொண்டே கையை உதறி விடுவித்து, டயரில் வழிந்த கூழை இரண்டு விரலால் வழித்து வாயில் வைத்துச் சப்பினேன். நன்றாக. சத்தம் வரும்படி.

தலையை நிமிர்த்தினேன். எதிரில் பெங்களூரிலிருந்து வந்த பஸ் சோதனைக்காக நின்றிருந்தது. ஜன்னலில் ஒரு முகம். பெண்ணின் சித்தப்பா. நிச்சயத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தார். நான் விரலை வாயிலிருந்து எடுப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவுதான், எல்லாம் போயிற்று. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் ஜெயிலுக்கு அனுப்பினால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. சூளகிரிக்குப் போகாமல் இருக்கலாமே!

கடைசியில் காப்பாற்றியது கொட்டகைக்குப் பக்கத்தில் வண்டிக்காரர்களுக்குக் கூழ் விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மாள். இவ்வளவு ரகளையையும் இடுப்பில் கை வைத்து நின்று பார்த்துக்கொண்டிருந்தவள், பொறுக்க முடியாமல் பக்கத்தில் வந்தாள்.

"ஏன் நாயனா, முப்பது வருசமா கூழு காச்சறேன். என்னை ஒரு வார்த்த கேக்க மாட்டீங்களா?" என்று ஏட்டை அதட்டிவிட்டு, டயரிலிருந்து ஒரு சொட்டு எடுத்து முகர்ந்தாள். நாக்கில் வைத்தாள். துப்பினாள்.

"ராகிக் கூழுதான். மூணு நாள் கூழு. உப்பு போடல." என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சாராயம் காச்சறவனுக்கு மூள இருக்கும் சாமி. இவனப் பாத்தா அப்படித் தெரியல."

என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த முதல் நற்சாட்சி அது. ஏட்டும் தன் மீசையிலிருந்து ஒரு சொட்டை எடுத்துச் சுவைத்து யோசித்தார். முகத்தைச் சுளித்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்.

ஆனாலும் விசாரணை, பதிவு, மறுபடி சிரிப்பு என்று மணி ஒன்பதரை ஆகிவிட்டது. நான் ஏட்டின் காலில் விழாத குறையாகக் கேட்டேன், "ஐயா, இதை ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க. இல்லேன்னா என் கல்யாணம் நின்னுடும்." மனுஷன் நல்லவர். எழுதிக் கையெழுத்தும் போட்டார். "மேற்படி நபரின் மோட்டார் சைக்கிள் பின்சக்கரத்தில் இருந்த திரவம் சாராயம் அல்ல. ராகிக் கூழ் என விசாரணையில் தெரிய வந்தது. உப்பு இல்லை."

வண்டியைச் சாவடியிலேயே விட்டுவிட்டு, சேலத்துக்குக் கோஸ் ஏற்றிப் போன லாரியில் ஏட்டு எங்களை ஏற்றிவிட்டார். கோஸ் மூட்டை மேல் உட்கார்ந்து மாமா சூளகிரி வரைக்கும் ஓட்டை விழுந்த ட்யூபைத் தடவிக்கொண்டே வந்தார்.

பத்தே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். ராகு காலம் பிறந்து கால் மணி ஆகியிருந்தது. பந்தலில் என் அம்மா ஒரு மூலையில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள். நான் உள்ளே நுழைந்ததும் எனக்கு முன்னால் என் சட்டையின் வாடை நுழைந்தது.

"அண்ணா, நான் என் கண்ணால பார்த்தன். ரெண்டு விரலு! டயருல இருந்தே நக்கறான்!" என்றார் சித்தப்பா. அந்தக் கதையை அவர் ஏற்கெனவே நான்கு தரம் சொல்லி முடித்திருந்தார் போலிருக்கிறது.

நான் சீட்டை நீட்டினேன். பெண்ணின் அப்பா வாங்கிப் படித்தார். மறுபடி படித்தார். "போலீஸ்காரன் சீட்டு குடுத்து ஒரு மாப்பிள்ளை வந்து இப்பத்தான் பாக்கறேன்" என்றார். சிரிக்கவில்லை. ராகு காலம் முடியப் பன்னிரண்டு ஆகும். அதற்குள் எங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அப்போது மாமா முன்னால் வந்தார். தோளில் இன்னும் அந்த டயர். எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல அவரைவிட நியாயம் உள்ளவர் கிடையாது.

"ஏனுங்க, நான் ஒண்ணு சொல்றேன். புது டயரு வாங்கிக் கழுத்துல மாட்டிக்கிட்டு நாலு நாளா இவன்கிட்ட கெஞ்சறேன். பதினோரு ஒட்டு போட்ட ட்யூபைத் தூக்கிப் போட மனசு வராம, அதுக்குக் கூழு ஊத்தி வச்சிருக்கறான். இவன் கிறுக்கனுங்க. குடிகாரன் இல்லீங்க."

உள்ளறையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அடக்கப் பார்த்து, முடியாமல், பெரிதாகச் சிரித்தார்கள். பெண்ணின் அம்மா அவசரமாக உள்ளே போனாள். கொஞ்ச நேரம் குசுகுசுவென்று பேச்சு. வெளியே வந்தபோது அவள் முகத்திலும் சிரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

"ருக்கு ஒண்ணு சொல்லுதுங்க" என்று புருஷனிடம் சொன்னாள். "பதினோரு ஒட்டு ட்யூபையே விட மனசு வராத ஆளு, என்னையா விட்டுட்டுப் போயிருவாருன்னு கேக்குது."

பெண்ணின் அப்பா உள்ளறைப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். அவருடைய அக்காவைக் கட்டினவர் அவளைத் தள்ளி வைத்துவிட்டு வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு போனவர் என்பதும், அந்த அக்கா அதே வீட்டில், அந்த உள்ளறையில்தான் இருந்தாள் என்பதும் எனக்குப் பின்னால்தான் தெரியும்.

"பன்னெண்டுக்கு மேல தாம்பூலம் மாத்திக்கலாம்" என்றார் கடைசியில். "அதுக்குள்ள அந்தப் பையன யாராச்சும் கிணத்தடிக்குக் கூட்டிட்டுப் போயி குளிப்பாட்டுங்க."

வண்டியை அடுத்த வாரம் மீட்டு வந்து மாமாவின் புது டயரைப் போட்டேன். உள்ளே அவருடைய புது ட்யூப்தான். அதில் நானே போட்ட நான்கு ஒட்டு. மாமா ஆயுசு இருந்தவரைக்கும் அந்த வண்டியில் ஏறவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எது கெட்டாலும் ஒரே வைத்தியம்தான். பம்ப் செட் நின்றால் "கூழ் ஊத்திப் பாருங்க." ரேடியோ கரகரத்தால் "கூழ் ஊத்திப் பாருங்க." மூத்தவன் கணக்கில் கோட்டை விட்டபோது அக்கா சூளகிரியிலிருந்த சம்பந்தி வீட்டுக்கே ஆள் அனுப்பி ஒரு படி ராகி வாங்கி வரச் சொன்னாள். ஏட்டு எழுதிக் கொடுத்த சீட்டைச் சட்டம் போட்டு மாட்டியது என் மாமனார். எந்தக் கல்யாணப் பந்தலிலும் சாப்பாட்டுக்குப் பிறகு யாராவது எழுந்து அதைச் சத்தமாகப் படிப்பார்கள். "உப்பு இல்லை" என்கிற இடத்தில் எல்லாரும் சேர்ந்து சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு.

போன மாதம் முழங்கால் வலி தாங்காமல் ஓசூரில் டாக்டரிடம் போனேன். சின்ன வயது டாக்டர். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "தேஞ்சு போச்சு தாத்தா. ரெண்டு முட்டியையும் மாத்திடணும்" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "மாத்தறதாவது! ஏன், ஒட்ட முடியாதா?"

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த ருக்மணி என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"டாக்டர், அவரு கிடக்கறாரு, நீங்க மாத்துங்க" என்றாள். "மாத்தறதுக்கு முன்னால கொஞ்சம் கூழ் மட்டும் ஊத்திப் பாத்துருங்க. இல்லேன்னா மனசு ஆறாது அவருக்கு."